பெட்ரோல் வால்வு திறந்திருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். உன் மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உன் மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பாதி வழியிலேயே காலி செய்துவிட்டேன் என்று அவளிடம் சொல்.

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ முதல் தடவை பறப்பதற்கு முன் கையில் கிடைக்க வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன்.

நாலு வருஷமாகக் கார் ஷெட்டில் ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கி நீ செய்த விமானத்தைப் பார்த்ததில் எனக்குப் பெருமைதான். மைதானத்தில் அதை நிறுத்தி, முழங்கால் இடிக்கிற அந்தப் பெட்டிக்குள் என்னையும் திணித்து, புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியதெல்லாம் எழுதிய அட்டையைக் கையில் கொடுத்தாய். நான் வாசிக்க வேண்டும், நீ பதில் சொல்வாய், வெறும் ஒத்திகை என்றாய். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸுக்குப் பட்டியல் வாசிப்பது புதிதா?

பெல்ட் என்றேன், போட்டாச்சு என்றாய். கதவு என்றேன், பூட்டியாச்சு என்றாய். பெட்ரோல் வால்வு என்றேன், திறந்திருக்கு என்றாய்.

தம்பி, அது மூடியிருந்தது. நான் ஏறும்போது கைப்பை வார் மாட்டி அதன் பிடி திரும்பிவிட்டது. சொல்ல வாயெடுத்தேன், நீயே பார்ப்பாய் என்று பொறுத்தேன். நீ ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். மறுபடி வாசித்ததற்கு, "அதான் திறந்திருக்குன்னு சொன்னேனேக்கா" என்று சலித்துக்கொண்டாய். நீ இறங்கிய பிறகு நானே திருப்பி வைத்தேன். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது என் தப்பு.

வால்வு மூடியிருந்தாலும் குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடும், விமானம் தரையை விட்டுக் கிளம்பவும் கிளம்பும், மரத்து உயரம் போன பிறகுதான் இன்ஜின் நிற்கும் என்று முந்தின நாள் எனக்குச் சொன்னவனே நீதான். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

எங்கள் தியேட்டரில் தையல் போடும் முன் பஞ்சை எண்ணாமலே 'சரியா இருக்கு' என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் சோம்பேறிகள் இல்லை, கைதேர்ந்தவர்கள். நேற்று வரை சரியாக இருந்தது இன்றும் இருக்கும் என்று நம்பியவர்கள். உன் கையால் செய்தது என்பதால் நீயும் அப்படித்தான் நம்புகிறாய். கண்ணால் பார்த்து, விரலால் தொட்ட பிறகு வாயைத் திற. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. பயந்தாங்கொள்ளி என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பஸ் ஏற்றிவிட வந்த உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அவர் எல்லாத்தையும் ஒழுங்கா பார்க்கிறாரா?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்காமல், "பார்க்கிறான்மா, நீ நிம்மதியா இரு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அதை நீதான் உண்மையாக்க வேண்டும், தம்பி. நூறு வயது நன்றாக இரு.

உன் அக்கா