கட் லைனுக்கு வெளியே ஒரு வரி

மார்ச் 10, 2025, திங்கள்

காலையிலிருந்து பைல் வேலைதான். தேன் விற்கிறவர் ஒருவர் தேன்கூடு வடிவத்தில் லேபிள் கேட்டு, போனில் எடுத்த போட்டோவை அனுப்பிவிட்டு, "இதையே பிரிண்ட் பண்ணிடு மேடம்" என்கிறார். போட்டோவைப் பார்த்துப் பிளேடு வெட்டாது. அது போகிற பாதையை நான்தான் வரைந்து கொடுக்க வேண்டும். அந்தச் சிவப்புக் கோடுதான் கட் லைன். நிறம் அதைத் தாண்டி வெளியே கொஞ்சம் வழிந்திருக்க வேண்டும். எழுத்து அதற்கு உள்ளே நன்றாக ஒதுங்கி இருக்க வேண்டும். வருகிறவர்களுக்கெல்லாம் பத்து வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

பங்காருபாளையம் மாம்பழக்கூழ் கம்பெனியிலிருந்து அடுத்த மாதம் முதல் தேதி கடையைப் பார்க்க வருகிறார்கள். சீசன் லேபிள் முழுவதும் நமக்கு வந்தால் இரண்டாவது மெஷின் வாங்கிவிடலாம். அதே கம்பெனியில் பதினெட்டு வயதில் டின்னுக்குப் பசை தடவி லேபிள் ஒட்டினவள் நான். அவர்களுக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

மார்ச் 12

திருப்பதியிலிருந்து அகிலா போன் செய்தாள். வீட்டிலேயே சத்துமாவு அரைத்து விற்கிற பெண், மூன்று வருடமாக நம்மிடம்தான் லேபிள். இன்னும் இரண்டாயிரம் வேண்டுமாம். பானை வடிவம், பழைய பைல். "கீழ ஒரு லைன் மட்டும் சேத்துடுங்கக்கா. இந்த வாட்டி வேர்க்கடலையும் வறுத்துப் போடறேன்" என்றாள். பின்னால் குக்கர் கத்துகிறது, அதற்கு மேல் அவள் கத்துகிறாள். சாம்பிள் அனுப்பட்டுமா என்றேன். "பழைய லேபிள்தானே, போட்டுடுங்க."

போட்டாயிற்று. ஒரு ஷீட்டில் இருபது பானை வந்ததை இருபத்துநான்கு ஆக்கினேன். சுற்றிலும் கட் லைனை இரண்டு மில்லிமீட்டர் உள்ளே இறுக்கினேன், அவ்வளவுதான். வடிவம் கெடவில்லை. இப்படி மிச்சம் பிடிக்கத் தெரிந்ததால்தான் கடை நிற்கிறது.

மார்ச் 15

அகிலா லேபிள் பஸ்ஸில் போயிற்று. தேன்காரர் நான்காவது முறையாக, "அந்த சிவப்புக் கோடு பிரிண்ட்ல வராதே?" என்று கேட்டார்.

மார்ச் 24, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

மதியம் அகிலா போன். புத்தூரில் நாலு வயதுப் பையன், யஸ்வந்த் என்று பெயர். இவள் மாவில் கஞ்சி குடித்துப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கி மூச்சு அடைத்துவிட்டதாம். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் வைத்திருக்கிறார்கள். அவனுக்கு வேர்க்கடலை ஆகாது. அவன் அம்மா சுஷ்மிதா எந்தப் பாக்கெட்டையும் முழுக்கப் படித்த பிறகுதான் வாங்குவாளாம். இதையும் படித்துத்தான் வாங்கியிருக்கிறாள்.

"பாக்கெட்ல அந்த லைனே இல்லக்கா. நான் உங்களுக்கு சொன்னேனா? சொல்லணும்னு நெனச்சி விட்டுட்டேனா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரலையே."

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பைலைத் திறந்தேன். வரி இருக்கிறது. நான்தான் அடித்தேன். பானையின் அடியில், ஓரத்தை ஒட்டி. கட் லைனை நான் இறுக்கினபோது வரி அதற்கு வெளியே போய்விட்டது. பாதி எழுத்து நின்றிருந்தாலாவது யார் கண்ணிலாவது பட்டிருக்கும். முழுசாகப் போனது. அத்தனை சுத்தமான வெட்டு.

மார்ச் 25

வெட்டி முடித்ததும் லேபிள்களைச் சுற்றியுள்ள மிச்சத்தை வலை மாதிரி உரித்துச் சுருட்டிச் சாக்கில் போடுவோம். இன்று சாக்கைக் கொட்டிப் பார்த்தேன். பானை பானையாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் தெலுங்கில் ஒரு வரி. வேர்க்கடலை சேர்ந்தது. வேர்க்கடலை சேர்ந்தது. வேர்க்கடலை சேர்ந்தது. கடைகளுக்குப் போக வேண்டியது எல்லாம் என் சாக்கில் கிடக்கிறது.

அவரும் பார்த்தார். மெஷின் ஓட்டுகிறவர், கட்டின புருஷன், அவரிடம் எதை மறைக்க?

"அந்தப் பொண்ணு எழுதி அனுப்பிச்சா? அனுப்பல இல்ல? ஃபோன்ல சொன்னதுக்கு சாட்சி எங்கக்கீது? மாங்கா கம்பெனிக்காரன் வர நேரம். வாயத் தொறக்காத மே."

சாக்கை எடுத்து வெளியே போடப் போனார். இருக்கட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

மார்ச் 26

அகிலா மறுபடி கேட்டாள்.

"நீ சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

பொய் எனக்குப் புதிது இல்லை. நாளைக்கே டெலிவரி என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். வியாபாரத்தில் அது பொய்க் கணக்கிலேயே வராது. இது வேற. இது எங்கியோ மாட்டிக்கினு நிக்குது.

மார்ச் 28, வெள்ளி

உணவுத் துறைக்காரர்கள் அகிலாவின் மாவு மெஷினுக்கு சீல் வைத்துவிட்டார்கள். அவளே போன் செய்து சொன்னாள், குரலில் அழுகைகூட இல்லை. "நான்தான் லேபிள்ல போட மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. பொய் சொல்லி என்னா ஆவப் போது."

என்னிடம் சொல்கிறாள் இதை.

மார்ச் 30

உகாதி. கடைத்தெரு முழுக்க மாவிலை. நான் பச்சடி செய்யவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

கம்பெனி மேனேஜர் லோகேஸ்வரன் வந்தார். மெஷினைப் பார்த்தார், பழைய சாம்பிள்களைத் தடவிப் பார்த்தார், மெச்சினார். பிறகு அவர்களுடைய மாம்பழ வடிவ லேபிளை மேசையில் விரித்தார். "எங்க விவரமெல்லாம் இந்த ஓரத்துல வருது மேடம். வெட்டுல போயிடாதே?"

போகாது சார் என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. பத்து வருடப் பழக்கம்.

"போன மாசம் ஒண்ணு போச்சு சார்" என்றேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு மில்லியை, சாக்கை, பையனை. என் புருஷன் கையில் பிடித்த டீ கிளாஸை அப்படியே கீழே வைத்தார். மேனேஜர் அந்த ஓரத்தில் விரலை வைத்து அளந்து பார்த்தார். லேபிளைச் சுருட்டிக்கொண்டு, "போன் பண்றேன் மேடம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் போனபிறகு இவர் ஒரே வார்த்தை: "திருப்தியா?"

திருப்தியா என்று எனக்கு எப்படித் தெரியும்? அகிலாவிடம் இன்னும் சொல்லவில்லையே.

ஏப்ரல் 2

சாக்கை மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ். அகிலா கதவைத் திறந்து, "வாங்கக்கா, நீங்களாவது வந்தீங்களே" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்குப் பதில் நான் பாதி வழியிலேயே இறங்கித் திரும்பியிருக்கலாம்.

ஒரு சுருளை எடுத்து விரித்துக் காட்டினேன். ஓட்டைகளையும் வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நீ சொன்னாய், நான்தான் வெட்டினேன், அன்று தெரிந்தேதான் இல்லை என்றேன் என்று சொன்னேன்.

"எப்போலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"பையனப் பத்தி நீ ஃபோன் பண்ண அன்னிக்கே."

"பச்சப் புள்ளய கொல்லப் பாத்தவன்னு என் வாசல்ல நின்னுக்கினு திட்னாங்கக்கா. என் மாமியாரே எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிக்கல. ஒம்பது நாள். அந்த ஒம்பது நாளும் நீங்க என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

கடையில் இருந்தேன். உணவுத் துறை ஆபீசுக்கு, சாக்கை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால்.

அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராசிவ்வண்டி" என்று பேப்பரை என் பக்கம் தள்ளினார். எழுதிக் கொடுத்தேன். தெலுங்கில் நாலு பக்கம், ஒவ்வொன்றிலும் கையெழுத்து. சாக்கையும் பைலையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள். பையனுக்கு நேற்று குழாய் எடுத்துவிட்டார்கள் என்று அங்கேதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் அகிலா ஆட்டோ பிடித்தாள். என்னை ஏறச் சொல்லவில்லை.

ஏப்ரல் 9

புத்தூர் போனேன். சுஷ்மிதா கதவுச் சங்கிலியை எடுக்காமலே நான் சொன்னதைக் கேட்டாள். "நான் நல்லாப் படிச்சேனே, ரெண்டு வாட்டி படிச்சேனே" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நீ சரியாகத்தான் படித்தாய் அம்மா என்றேன். அதைச் சொல்லத்தான் போயிருந்தேன். உள்ளே பையன் டிவி பார்க்கிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 21

மாம்பழ லேபிள் வேறு ஊருக்குப் போய்விட்டது. உணவுத் துறை நோட்டீஸ் நமக்கு வந்துவிட்டது.

மே 6

வெட்டி முடித்த ஒரு லேபிளைப் பார்ட்டி கையில் கொடுத்து, அவர்கள் வாய்விட்டுப் படித்து முடித்த பிறகுதான் மெஷின் ஓடுகிறது. இன்று ஊறுகாய்க்காரர் ஒருவர், "ஸ்கூல்ல சேத்துட்டியா மேடம்?" என்று சிரித்தார். படியுங்கள் என்றேன். படித்தார்.

ஜூன் 14, சனி

நோட்டீஸ் விஷயமாகத் திருப்பதி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் அகிலாவின் சத்துமாவு தொங்கிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு வைத்த சீல் எடுத்தாயிற்று போல. பானை இல்லை, சாதாரணச் சதுர லேபிள், யாரோ வேறு பிரஸ். வேர்க்கடலை வரி பெயருக்கு நேர் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில். ஒன்று வாங்கினேன். என் போனை அவள் எடுப்பதில்லை, நானும் இப்போது கூப்பிடுவதில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சி காய்ச்சினேன். யார் மாவு என்று அவரிடம் சொல்லவில்லை. ஒரு வாய் குடித்தார்.

"நல்லாக்கீது. வேர்க்கடலை போட்டுக்கீறாங்க போல."