பாதி டம்ளர்

1991 டிசம்பர் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்காரர் எத்திராஜ் மாமாவை இன்றும் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு அழைத்துப்போனேன். மாதா கோவில் பள்ளிக்கூடம், நான்காம் வகுப்பறை, குடியை விடுகிறவர்களின் கூட்டம். குழந்தைகளின் பெஞ்சில் பதினோரு குடிகாரர்கள், முட்டி மார்பில் இடிக்க. இந்த இடத்தைத் தேடிப் பிடித்தவன் நான். எங்கே விசாரித்தாலும் இங்கிலீஷ் கூட்டத்துக்கே வழி சொன்னார்கள். தமிழில் பேசுகிற கூட்டம் கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று.

மாமா எழுந்து, "எத்திராஜ். குடிகாரன். குடிக்காம அம்பத்தேழு நாள்" என்றார். கைதட்டினார்கள். நானும்.

டீ ஊற்றுவது ரெமிஜியஸ் அண்ணன். புதிதாக வருகிறவர்களுக்குப் பாதி டம்ளர்தான் தருவார். கை நடுங்கும், சிந்தினால் அவமானம். எனக்கு எப்போதும் முழு டம்ளர். நான் துணைக்கு வருகிறவன்.

நீலசந்திரா வீட்டுக்குத் திரும்பியதும் சரசு அக்கா என்னைத் தனியே கேட்டாள்.

"வழியில எங்கயும் எறங்கலையே ஒன் மாமா?"

"இல்லக்கா."

"நீ படிச்சவன். நீ சொன்னா நம்புவேன்."

மாடி அறைக்கு வந்து, அகராதிக்குப் பின்னாலிருந்து ரம்மை எடுத்தேன். நான் அளவோடு குடிக்கிறவன். இந்த வாக்கியத்தை எத்தனையாவது முறை எழுதுகிறேன்?

டிசம்பர் 13, வெள்ளி

காவிரித் தண்ணீர்த் தகராறு. கன்னடக்காரர்களின் பந்த், தமிழர்களை அடிக்கிறார்களாம். எங்கோ டயர் எரிகிற நாற்றம். வாசலில் தொங்கிய தமிழ்க் காலண்டரை அக்கா கழற்றி உள்ளே வைத்தாள். பாட்டிலில் இன்னும் கால்வாசி.

டிசம்பர் 14

ஊரடங்கு. பாட்டில் காலி.

டிசம்பர் 15, ஞாயிறு

கூட்டம் இல்லை. காலையில் இரண்டு மணி நேரம் வெளியே போகவிட்டார்கள். அக்கா பால் வாங்க அனுப்பினாள். பால் பூத்துக்குப் போகவில்லை. ஒயின் ஷாப்பின் பின்கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"இல்லா, ஹோகி" — இல்லை, போ என்று உள்ளேயிருந்து ஒரு கன்னடக் குரல்.

மறுபடி தட்டினேன். கெஞ்சினேன். தமிழில் கெஞ்சியிருக்கிறேன், இந்த நாளில், நடுத்தெருவில். பாதி வழி திரும்பிய பிறகுதான் உறைத்தது.

பால் தீர்ந்துவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன்.

மதியம் இந்தக் கை — இதோ, எழுத்தே சொல்கிறது. மார்கழி வரப்போகிறது, சட்டை வியர்த்து ஒட்டுகிறது.

மாமா மாடியேறி வந்தார். பாலில்லாத டீயை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

பாதி டம்ளர்.

எத்தனை நாளாகத் தெரியும் அவருக்கு?

டிசம்பர் 17

குளியலறைப் பரணில் நான்கு காலி பாட்டில்கள். நான் ஒளித்தவை. அக்கா கையில் கிடைத்துவிட்டன.

"அம்பது நாளு அறுவது நாளுன்னு ஊரையே ஏமாத்திக்கினு இருந்தியா? கைதட்ட வேற ஆளு வச்சிக்கினு?" — மாமாவிடம்தான்.

அவர் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காத்திருந்தார். நான் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கெழம அங்க எல்லாரு முன்னாலயும் 'ஒண்ணு'ன்னு சொல்லட்டும், நாள மொதல்லேர்ந்து எண்ணட்டும். சொன்னாரா இல்லையான்னு நீ வந்து சொல்லு பாலு. மாத்திச் சொன்னாருன்னா நான் ஆம்பூருக்கு ரயிலேறிடுவேன். அப்புறம் இல்ல வீடு."

சரிக்கா என்றேன். சரியாம்.

டிசம்பர் 19

பாட்டில்கள் என்னுடையவை என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 20

கடைகள் திறந்துவிட்டன. முதலில் பால்தான் வாங்கினேன். பிறகு —

டிசம்பர் 22, ஞாயிறு

பஸ்ஸில் இருவரும் வாயே திறக்கவில்லை. தமிழ் வெளியே வந்துவிடுமோ என்று. இறங்கி நடக்கும்போது கேட்டேன்.

"என்ன சொல்லப் போறீங்க மாமா?"

"ஒண்ணுன்னுதான். வீடு நிக்கணும்ல."

"பொய்யில்லையா அது?"

"ஆயிரம் பொய் சொல்லிட்டுத்தான மச்சான் இங்க வந்தேன். இன்னொண்ணு கூடினா என்ன?"

வகுப்பறைக் கதவில் ஒட்டியிருந்த தமிழ் அறிவிப்பைக் காணோம். ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். "மெதுவா பேசுங்கப்பா, ஜன்னல் தெருவப் பாத்து இருக்கு" என்றார் ரெமிஜியஸ் அண்ணன். கெட்டிலோடு வரிசையாக வந்தார். மாமாவுக்கு ஊற்றினார். என் டம்ளர் மேல் சாய்த்தார். காலையிலிருந்து நான் குடித்திருக்கவில்லை. கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தேன்.

"பாதி போதும்ணே."

கெட்டில் அந்தரத்தில் நின்றது. பாதி ஊற்றினார். டம்ளரை என் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து, விரல்களை அழுத்திவிட்டு நகர்ந்தார்.

மாமாவின் முறை. பெஞ்சைப் பிடித்து எழுந்தவர் என் பாதி டம்ளரைப் பார்த்தார்.

"எத்திராஜ். குடிகாரன். எழுபத்தொண்ணு."

அவர் உட்கார்ந்ததும் நான் எழுந்தேன்.

வீட்டு வாசலிலேயே அக்கா நின்றிருந்தாள். பின்னால் டிரங்குப் பெட்டி.

"என்ன சொன்னாரு?"

"எழுபத்தொண்ணு."

குனிந்து பெட்டியின் பிடியைத் தொட்டாள்.

"ஒண்ணுன்னு சொன்னது நான்க்கா."

டிசம்பர் 29, ஞாயிறு

பெட்டி இன்னும் வாசலருகில்தான். பிரிக்கவில்லை, தூக்கவும் இல்லை. மாமாவோடு பேசுகிறாள். ஒரு வாரமாக என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

"கெளம்பு மச்சான், பஸ்ஸு போயிடும்" — மாமா, கீழேயிருந்து.

இறங்கிப் போனேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே காபியை முன்னால் நகர்த்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பாதி ஊற்றியிருந்தாள்.