முதுகுப் பக்கத்துப் பொத்தான்

அன்பு மகள் வாத்தியாரம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு நம்பிக்கை எளிதில் வராது என்பது உனக்குத் தெரியும். இதை ஆய்வகக் கணினியில் தட்டி அனுப்புகிறேன். வீட்டிலிருந்து போனில் சொன்னால் அப்பா காதில் விழுந்துவிடும். சனிக்கிழமைதோறும் கூப்பிட்டால் அப்பா உடனே கட் பண்ணிவிடுகிறார், இன்னுமா கோபம் என்று கேட்டிருந்தாய். நீ அங்கே வேலையை நீட்டித்துக்கொண்டபோது ‘அங்கேயே இருந்துக்கோ’ என்று அவர் சொன்னது எனக்கும் மறக்கவில்லை. அதனால் கோபம்தான் என்று நானும் நினைத்திருந்தேன், போன சனிக்கிழமை வரை.

முதலில் நீ அவருக்கு அனுப்பிய போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நாளெல்லாம் கண்ணாடிக் குடுவைகளோடு பிழைக்கிறவள் நான். முன்னும் பின்னும் கண்ணாடியாக, ஓரத்தில் இப்படி வளைத்து, ஒரு திருகுகூடத் தெரியாமல் எப்படிச் செய்தார்கள் என்று கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இயர்போன் செருகும் ஓட்டை இல்லை, பேட்டரியைக் கழற்ற வழியில்லை, அடியில் அமுக்கும் பொத்தானும் இல்லை. இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு அதற்கு முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகமும் வந்தது, ஆனால் உன் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். உறை போட்டால் அழகு போய்விடும் என்று நீ சொன்னதால் அவர் உறையும் போடவில்லை. நடுப்பார்வை போய், ஓரப்பார்வையில் காலம் தள்ளுகிற மனுஷனுக்கு அது ஈரமான சோப்புக்கட்டிதான். எப்படி இருக்கிறது என்று கேட்டால், மகள் கொடுத்ததுக்கு யாராவது குறை சொல்லுவாங்களா என்பார். என் போனில் படம் தெளிவாக வராது என்று மாடித் தொட்டிச் செடிகளை அதில் எடுத்து உனக்கு அனுப்புவேனே, எல்லாம் பனிமூட்டமாக இருக்கிறது என்று நீகூடக் கிண்டல் செய்தாய். கேமரா கண்ணாடியின் மேல் கட்டைவிரல் ரேகை. துடைத்து வைப்பேன், அடுத்த சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் அதே இடத்தில் அதே ரேகை.

போன சனிக்கிழமை தண்ணீர் வராததால் ஆய்வகத்தைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சன்னலோர நாற்காலியில் இருந்தார், என்னைக் கவனிக்கவில்லை. போன் அடித்தது. எடுத்தார், முதுகு மேலாக, தலைகீழாக. பழைய போனின் அடியில், அமுக்கினால் பேசலாம் என்று ஒரு பொத்தான் மேடு இருக்குமே, புதுசைத் தலைகீழாகப் பிடித்ததில் அதே இடத்தில் இப்போது கேமரா மேடு. கட்டைவிரலால் தேடிப் பிடித்து அதை அமுக்கினார். அடியில் மற்ற விரல்கள் திரையில் எதையோ வழித்தன, அழைப்பு கட் ஆகி மணி நின்றது. நீ பேசப் போகிறாய் என்று நினைத்து, சொல்லுடா என்றார். கொஞ்சம் பொறுத்திருந்துவிட்டு அவரே பேசினார். செடி பூத்ததை, மாடிவீட்டுப் பல் டாக்டரின் நாய் டாக்டர் செருப்பையே தூக்கிக்கொண்டு போனதை எல்லாம் சொன்னார். பிறகு குரல் தாழ்ந்தது. “கோபம்னா நீ பேச வேணாம், இப்படிக் கேட்டுக்கிட்டு மட்டும் இரு. அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். இருக்க வேண்டிய வரைக்கும் இருந்துட்டு வாடா.”

தோளில் மாட்டிய பையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். அவருக்குக் கோபம் என்று நீ நினைத்தாய், உனக்குக் கோபம் என்று அவர் நினைத்திருக்கிறார். வாராவாரம் ஒரு போனின் முதுகிடம் பேசியிருக்கிறார். இறங்கி வருகிற ஒரு சொல்லைக் கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயால் நான் கேட்டதில்லை. அதிசயம் என்ற சொல்லை நான் எழுதுகிறவள் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அலமாரியில் செத்துக் கிடந்த பழைய போனின் மூடியை நகத்தாலேயே நெம்பித் திறந்து, கடையில் வாங்கிய பேட்டரியைப் போட்டு, சிம்மையும் மாற்றிவிட்டு, புதுசு எனக்கு வேண்டும், ஆசையாக இருக்கிறது என்றேன். உனக்கும் ஆசையெல்லாம் வருமா என்று சிரித்து, விட்டுக்கொடுப்பது போலக் கொடுத்தார். பழையது கைக்கு வந்ததும் கட்டைவிரல் தேடவே இல்லை, நேரே பொத்தானில் போய் உட்கார்ந்தது. சட்டைப்பையிலிருந்து இயர்போனை எடுத்து, பார்க்காமலே ஓட்டையில் செருகினார். புதுப் போனில் திருகையும் ஓட்டையையும் மறைத்த கைவேலையைக் கண்டு வியந்த நான், அந்த ஒரு விரலைக் கண்டு அதைவிட வியந்து நின்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதே. சனிக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு. எடுத்ததும் ‘சொல்லுடா’ என்பார். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், சத்தமாகப் பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா