தராசுப் பக்கத்துத் தாமதம்

மே 13, திங்கள்

மாண்டரின் ஆரஞ்சு வரத்து உச்சத்தில் இருக்கிறது. காலையில் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, சுல்மா வந்து நின்றாள். பெட்டி கட்டும் வரிசை முழுதும் அவள் பொறுப்பு. வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

“என்னடி நெலிதா, உன் புரோகிராம் கண்ணு முழிக்கிறதுக்குள்ள நான் ஒரு பழத்த உரிச்சுத் தின்னுடலாம் போலிருக்கே!”

ஒவ்வொரு பெட்டி தராசில் ஏறும்போதும் லேபிள் புரோகிராம் புதிதாகத் திறந்து, எடையை வாங்கி, லேபிளை அச்சடித்து, மூடிக்கொள்ளும். முன்பெல்லாம் இது நடப்பதே தெரியாது. இப்போது திறப்பதற்குள் பின்னால் நான்கு பெட்டி முட்டிக்கொண்டு நிற்கிறது. லாரி பிந்தினால் மான்டெவிடியோ துறைமுகத்தில் கப்பல் நமக்காக நிற்காது.

என் மேசையில் ஓட்டிப் பார்த்தேன். பறக்கிறது. தராசுப் பக்கத்தில்தான் மந்தம்.

ஒப்பந்தத்தில் வேலை செய்யும் மில்டன் இந்தப் புரோகிராமுக்கு எழுதிய புதுப் பகுதியைப் போன வாரம்தான் சேர்த்தோம். வேறு என்ன மாறியிருக்கிறது?

மே 14, செவ்வாய்

பத்து மணிக்கு வழக்கம்போல் மாத்தே, எங்கள் கசப்பு இலைத் தேநீர். சுல்மா ஊற்ற, ஒரே சுரைக்குடுவை எல்லோர் கைக்கும் சுற்றி வந்தது. கிடங்கு முழுதுக்கும் பொறுப்பான எஞ்சினியர் பெர்தோலாவும் வந்து உட்கார்ந்தார். சாதாரணமாக வரமாட்டார். “நேத்து ஒரு லாரி லேட். யாரால?” என்று நேராகக் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. “மில்டன் எழுதின பகுதி கொஞ்சம் கனம். எதையெதையோ இழுத்துட்டு வருது” என்றேன்.

மில்டன் கோபப்படவில்லை. “நெலிதா, என்னோட முதல் வரி ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அந்த நேரம் போயிடுது. அளந்து பார்த்தேன்” என்றான்.

“எழுதினவங்க எல்லாரும் இதத்தாம்ப்பா சொல்வாங்க” என்று சிரித்தேன். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவன் முறை வந்தது. குடித்தான். குடுவையைச் சுல்மாவிடம் திருப்பிக் கொடுக்கும்போது “நன்றி” என்றான். ஐந்து சுற்றுக்குக் குறையாமல் குடிக்கிற ஆள், முதல் சுற்றிலேயே நன்றி சொன்னால் என்ன அர்த்தம்? மாத்தே வட்டத்தில் நன்றி என்றால் எனக்கு இனி வேண்டாம், நான் கிளம்புகிறேன் என்று அர்த்தம். எழுந்து போய்விட்டான். சுல்மா என்னைப் பார்த்தாள். நான் என் போனைப் பார்த்தேன்.

மே 16, வியாழன்

மில்டனின் பகுதியை எடுத்துவிட எஞ்சினியர் உத்தரவு. எடுத்தேன். வேகம் கூடியது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே?

மில்டன் மாத்தேவுக்கு வரவில்லை.

மே 17, வெள்ளி

சுல்மா: “முன்னைக்குத் தேவலை. ஆனா பழைய மாதிரி இல்லடி. பாதி தூக்கத்துல இருக்கு.”

எஞ்சினியர் வராந்தாவில் என்னை நிறுத்தினார். மில்டனின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்றார். “அவன்தான் காரணம்னு நீதானே சொன்னே” என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பிப்ரவரியில்தான் மனைவியையும் சாமான்களையும் ரிவேராவிலிருந்து இங்கே கொண்டுவந்தான். ஆற்றங்கரைத் தெருவில் வீடு. பால்கனிக்குப் பச்சை வண்ணம் அடித்தேன் என்று போன மாதம் படம் காட்டினான்.

பாதி தூக்கம் — அது என்ன பாதி? அவன் பகுதிதான் காரணம் என்றால், எடுத்த பிறகு முழுதும் சரியாகியிருக்க வேண்டாமா?

மே 20, திங்கள்

தராசுப் பக்கம் போய் நானே உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

எடை வேண்டாம், லேபிள் வேண்டாம், உன் பதிப்பு எண்ணை மட்டும் சொல் என்று புரோகிராமைக் கேட்டேன். அதற்கு யாருடைய வேலையும் ஓட வேண்டியதில்லை. அதற்கும் அதே காத்திருப்பு. மில்டன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. முதல் வரிக்கு முன்னாலேயே நேரம் போகிறது.

ஒரு புரோகிராம் திறக்கும்போது தனக்கு வேண்டிய லைப்ரரிகளை, அதாவது துணைக் கோப்புகளை, ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கும். எங்கெங்கே தேடுகிறாய் என்று கேட்டால் அதை வாய்விட்டுச் சொல்ல வைக்கலாம். சொல்ல வைத்தேன். ஒவ்வொரு லைப்ரரிக்கும் முதலில் ஒரே ஃபோல்டரின் கதவைத் தட்டுகிறது. இல்லை என்று பதில் வந்த பிறகுதான் பக்கத்திலேயே இருக்கிற சரியான இடத்துக்குப் போகிறது. அடுத்த லைப்ரரிக்கு மறுபடி அதே கதவு, மறுபடி இல்லை. லைப்ரரி கூடக் கூடத் தட்டலும் கூடும். மில்டனின் பகுதி நிறைய லைப்ரரிகளைக் கேட்கும்; அது வந்தபோது மோசமானதும், போனபோது கொஞ்சம் தேறியதும் அதனால்தான்.

அந்த ஃபோல்டரின் பெயரை இரண்டு முறை படித்தேன்.

அது என்னுடையது.

ஏப்ரலில் சுற்றுலா வாரம். ஊரே விடுமுறை. நான் பக்கத்துத் தாய்மான் ஊரின் வெந்நீர்க் குளத்தில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லேபிளில் தேதி தப்பாக விழுகிறது என்று அழைப்பு. கிடங்குக்குப் போய் ஒவ்வொரு தராசுக் கணினியிலும் திருத்தச் சோம்பல். திருத்திய ஒரே ஒரு லைப்ரரியைச் சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டு, எல்லாத் தராசுக் கணினியும் எதைத் தேடினாலும் முதலில் இங்கே தேடட்டும் என்று அங்கிருந்தே ஒரு வரி எழுதிவிட்டேன். தற்காலிகம்தானே. திரும்பி வந்ததும் எடுத்துவிடலாம். அப்புறம் வெந்நீருக்குள் இறங்கிவிட்டேன்.

அப்போது சர்வர் பின்னறையில் இருந்தது. தட்டினால் உடனே பதில். மே 6 அன்று அதை மான்டெவிடியோவுக்கு மாற்றினார்கள். ஏதாவது பாதிக்குமா என்று என்னிடம்தான் கேட்டார்கள். ஒன்றும் ஆகாது என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆரஞ்சுப் பெட்டிக்கும் இந்தப் புரோகிராம் தலைநகரம்வரை போய், இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. அந்த வரியை என் மேசைக் கணினியில் நான் போடவே இல்லை. அதனால் எனக்கு எல்லாம் பறந்தது.

அந்த வாரமே மில்டனின் பகுதியும் சேர்ந்தது. சேர்ந்தது என் அதிர்ஷ்டம். சீ, என்ன எழுதுகிறேன்.

மே 21, செவ்வாய்

வரியை எடுத்துவிட்டேன். அந்த ஒரு லைப்ரரியைத் தராசுக் கணினிகளில் உரிய இடத்தில் வைத்தேன். மில்டனின் பகுதியையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். பறக்கிறது. பிறகு அதை மறுபடி எடுத்துவிட்டேன் — ஏன் எடுத்தேன்? சேர்த்தால் ஏன் சேர்த்தாய் என்று கேட்பார்களே!

சுல்மா தராசடியிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இப்படியே விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.



மே 22, புதன்

இன்றைக்கும் உண்மையைச் சொல்லவில்லை. மில்டன் மேசையில் படங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். நாற்பது வயதுப் பொம்பளை. அசிங்கம்.

மே 23, வியாழன்

எஞ்சினியர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர்க் குளம்வரை. திட்டுவார் என்று நினைத்தேன். பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார்.

“அவன் மேல பழி போட்டப்ப எத்தன பேர் இருந்தாங்க?”

“எல்லாரும் இருந்தாங்க.”

“இப்ப கதவச் சாத்திட்டு என் காதுல மட்டும் சொல்றே. இது எந்த ஊரு நியாயம்? ஒப்பந்தத்த நான் பாத்துக்கறேன். மிச்சத்த நீ பாரு.”

மே 24, வெள்ளி

சொல்லிவிட்டேன். பத்து மணிக்கு, அதே வட்டத்தில். சுல்மா மில்டனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்திருந்தாள். என் குரல் எனக்கே கேட்கவில்லை; சுல்மா “சத்தமா சொல்லுடி” என்றாள். சத்தமாகச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒருவராவது சிரித்திருக்கலாம்.

மில்டன் தரையைப் பார்த்தபடி, “தெரியும். அன்னிக்கு மத்தியானமே உன் ஃபோல்டரப் பாத்துட்டேன்” என்றான்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னேனே. நீ சிரிச்சே. ரெண்டாந்தடவ சொல்லி இன்னொரு தடவ சிரிப்பு வாங்கணுமா?”

எழுந்து போய்விட்டான். குடுவை தன் முறைக்கு வரும்வரைகூட உட்காரவில்லை.

மே 31, வெள்ளி

எஞ்சினியர் புது ஒப்பந்தம் தந்திருக்கிறார். மில்டன் யோசிக்க வேண்டும் என்றானாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொன்கோர்தியாவில் ஒரு கிடங்கு அவனைக் கூப்பிடுகிறது என்று சுல்மா சொன்னாள். போனால் அது என்னால்.

ஜூன் 3, திங்கள்

மில்டனின் நாற்காலி காலி.

ஜூன் 5, புதன்

நேற்று வந்துவிட்டான். வீட்டில் யோசிக்கத் திங்களன்று மட்டும் லீவு எடுத்துக்கொண்டானாம். படங்கள் மறுபடி மேசையில். அவன் பகுதியை இன்று முறையாகச் சேர்த்தோம். தராசில் பெட்டி ஏறியதும் லேபிள் வந்து விழுகிறது. வேலையைத் தவிர அவன் என்னோடு ஒன்றும் பேசவில்லை.

பத்து மணிக்குச் சுல்மா ஃபிளாஸ்க்கையும் குடுவையையும் என் மடியில் வைத்தாள். “இன்னிலேர்ந்து நீதான் ஊத்தணும்.”

முதல் ஊற்றல் ஒரே கசப்பு, வாயெல்லாம் தூள். அதை ஊற்றுகிறவர்தான் குடிக்க வேண்டும். அதற்கு இங்கே முட்டாளின் மாத்தே என்று பெயர். எல்லோரும் பார்க்கக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினேன். அடுத்ததை நிரப்பி மில்டனிடம் நீட்டினேன். வாங்கினான். நிதானமாகக் குடித்தான். திருப்பிக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நன்றி என்றும் சொல்லவில்லை. வட்டம் சுற்றி வந்ததும் அவனுக்கு மறுபடி நிரப்பினேன்.