பாரிசிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்?

ஜூலை 4, வெள்ளி

மழை. துவைத்த உடுப்பு இன்னும் காயவில்லை. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வேண்டும்.

அண்ணாவின் மகளுக்கு ஆகஸ்டில் பாரிசில் கல்யாணம். கார்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்கு அது போதும், ஆக்லாந்துக்கு வந்தா சொல்ல முடியும்? அண்ணாவுக்கும் மூத்த லண்டன் அக்காவுக்கும் அதையே தட்டிவிட்டிருக்கிறார். மூத்தவர்கள் வீட்டுக்குப் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு கார்டை வைத்துக் கொடுத்தால்தான் எங்கள் ஆட்களுக்கு அது அழைப்பு. அண்ணாவுக்குத் தெரியாததா!

அக்கா போனில்: "நீ உலகத்தின்ர அந்தத்தில இருக்கிறாய், உனக்கு அனுப்பலாம். எனக்கு வந்து சொல்ல ஏலாதே? சொல்லாத கலியாணத்துக்கு நான் போகமாட்டன்."

ஜூலை 5, சனி

கடையில் கூட்டம். பாட்டனி மால் முழுக்க விடுமுறைப் பிள்ளைகள். கவுண்டரில் நான் நின்றேன், மனம் நிற்கவில்லை. இடைவேளையில் தேடிப் பார்த்தேன். பாரிஸ்–லண்டன் முந்நூற்று நாற்பது சொச்சம் கிலோமீட்டர். பறப்பு ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். இங்கிருந்து வெலிங்டன் இதைவிடத் தூரம்! சிநேகிதியின் குடிபுகுதலுக்கே அங்கே போய் வந்தேன்.

இரவு மகள் என் போனை எட்டிப் பார்த்து, "ஒன்லி அன் அவர்? வட்ஸ் த ப்ராப்ளம், அம்மா?" அதைத்தான் நானும் கேட்கிறேன்.

அண்ணா: "பறக்கிறது ஒரு மணித்தியாலம். எயார்போட்டுக்குப் போய்க் காத்திருந்து வர ஒரு நாள் போயிடும். மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்தான் ஓடுறன். நீ லண்டன் வழியா வா, கார்டை நீ குடு."

ஓம் என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்!

ஜூலை 7, திங்கள்

வெயில், குளிர். டிக்கெட்டை மாற்றப் பார்த்தேன். ஒரு நாளுக்கு மேல் பறக்கப்போகிறவள் நான். ஒரு மணித்தியாலக்காரருக்கு நேரமில்லை. எரிச்சல். காலிஃபிளவர் அடிப்பிடித்தது.

அக்கா: "நீ வந்தால் சோறு தருவன். கார்ட் கொண்டந்தால் வாங்கமாட்டன். அந்தப் பிள்ளைக்குப் பேர் வச்சதே நான்." அழுதுவிட்டா.

அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒரு வீட்டில் இருந்ததில்லை. இதையும் விட்டால் இனி யாருடைய செத்தவீட்டில்?

அண்ணாவுக்கு அனுப்பினேன்: 'அக்காவுக்கு நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால் நானும் வரமாட்டேன்.' நீல டிக். பதில் இல்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

மறுபடி மழை. போட்டோவில் கண் மூடியிருக்கிறது, திரும்ப எடுக்க வேண்டும். அண்ணாவின் போன் ஓஃப். கோபமா? இரண்டு தரம் வீட்டைக் கூட்டினேன்.

வேலைக்குப் பஸ் பிடிக்கமுன் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அங்கே நேற்றைய இராச்சாப்பாட்டு நேரம். முழங்கால் நோவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெல்.

"பொறு, வாசல்ல ஆரோ."

செருப்புச் சத்தம். கதவு. போனை மேசையில் வைத்துவிட்டாவா?

"பாரிசில குடை விக்கிறேல்லையே? உள்ளுக்க வாடா."

அண்ணாவின் குரல் ஏதோ சொன்னது. கேட்கவில்லை.

"கையில தராத! பொறு, தட்டு எடுத்துத் தாறன்."

பஸ் போய்விட்டது.