மேற்கு ஓரத்துச் செம்புல்

மைனி,

பாதி பச்சையும் பாதி காய்ந்ததுமாகப் புல் எரிந்தால் வரும் புகைக்குத் தனி மணம். துவைத்துக் காயப்போட்டும் அது என் சேலையை விட்டுப் போகவில்லை. மடிக்க உட்கார்ந்தேன், மணம் மூக்கில் ஏறியது. மடிப்பதைப் போட்டுவிட்டு இதை எழுத வந்துவிட்டேன். யாரிடமாவது சண்டை போட்டாக வேண்டும். இங்கே இருக்கிறவர்கள் எல்லோரிடமும் போட்டு முடித்தாயிற்று. மீதி நீங்கள்தான்.

எரிந்தது உங்கள் புல். அதுவும் உங்கள் வருட நினைவு ஜெபத்துக்காக, உங்கள் மேல் உள்ள பிரியத்தால் எரித்தார்கள். இந்தக் கொடுமையை நான் எங்கே போய்ச் சொல்ல? பகைவர் செய்திருந்தால் வாய் நிறையத் திட்டியிருப்பேன்.

நீங்கள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு இந்த வயல்காட்டு ஊருக்கு வந்தபோது நான் தாவணி போட்டுத் திரிந்தேன். திற்பரப்புக்கு மேலே, ரப்பர் தோட்டங்களைத் தாண்டி உங்கள் ஊர். பல வருடம் கழித்து, உங்கள் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு நீங்கள் திரும்பி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் ஒரு சாக்கு. அண்ணன் அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே வேரும் மண்ணுமாக ஒரு தூர் புல்.

"மலையில இருந்து மிளகு, கிராம்பு எதாம் கொண்டு வருவான்னு பாத்தா, புல்லைத் தூக்கிட்டு வந்திருக்கா," என்று அண்ணன் எல்லோருக்கும் கேட்கச் சிரித்தார்.

"மிளகு எந்தக் கடையிலயும் கிட்டும்," என்றீர்கள். அவ்வளவுதான். நான் என்றால் அன்றைக்குப் பொழுது போகும்வரை பேசியிருப்பேன்.

முற்றத்தின் மேற்கு ஓரத்தில், தென்னை நிழல் விழாத இடமாகப் பார்த்து நட்டீர்கள். புல்லையும் செடியைப் போல நடுகிறார்களே என்று நான் ஒரு கூடை சாணி எருவோடு வந்தேன். கூடையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "வேண்டாம் மக்கா. தின்னு கொழுத்தா பச்சையாட்டே நின்னு சாஞ்சிரும். பட்டினி கெடந்தாத்தான் செவக்கும்."

அதன்பின் கால்வாய்க் கரையில் இருந்து நாணல் வந்தது. அதைப் பின்வரிசையில் வைத்தீர்கள். ஊசிப்புல் வந்தது. அது முன்னால். நடுவில் உங்கள் மலைப்புல். மாசியில் ஒரு சாண் விட்டு அறுப்பது, கோடை மழைக்கு முன்னால் தூரைப் பிரித்து நடுவது, மற்ற நாளில் தண்ணீர்கூட ஊற்றாமல் அதன் பாட்டுக்கு விடுவது. ஐப்பசி மழையில் கதிர் தள்ளும். மழை ஓய்ந்து காற்று வறண்டதும் அடியில் இருந்து நிறம் ஏறும். மார்கழியில் சாயங்கால வெயில் பின்னால் இருந்து விழும்போது பார்க்க வேண்டுமே! நாணல் பூ வெள்ளையாக, நடுவில் செம்புத் தகடு போல ஒரு சிவப்பு, முன்னால் துரு நிறம். அரிசிச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள். கல் பொறுக்குவது போல இருக்கும். ஒரு கல்லும் பொறுக்கியிருக்க மாட்டீர்கள்.

ஊர் சும்மா இருக்குமா? மாடு வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள். பாம்பு வந்து அடையும் என்றார்கள். "பாம்பு வந்தா எனக்க நாத்தனா பேசியே ஓட்டிருவா," என்று என்னைக் காட்டினீர்கள். நடுவில் நிற்கும் புல்லுக்கு என்ன பேர் என்று நான் கேட்டதற்கு, "புல்லேன்னு விளிச்சுப் பாரு, திரும்பும்," என்றீர்கள். இப்படியெல்லாம் விளையாட்டாகப் பேசிப் பேசியே விஷயத்தை மறைத்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

விஷயத்தை ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். கிறிஸ்மசுக்கு முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தோம். அடுப்புப் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போ எங்க ஊருப் பாறை முழுக்கச் செவந்து கெடக்கும் மக்கா," என்றீர்கள். மறுபடி மாவில் உருண்டையை முக்கினீர்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் எல்லாம் கிறிஸ்மசுக்குத் தாய் வீட்டுக்கு வருவோம். அடுத்த தெருவில் இருந்து நானும் பிள்ளைகளோடு வந்து இறங்கிவிடுவேன். வந்தவர்களுக்கு ஆக்கிப்போட வீட்டு மருமகள் அடுப்படியில் நிற்க வேண்டும். அவளுக்கும் ஒரு தாய் வீடு உண்டே என்று என் அம்மாவும் நினைக்கவில்லை, அண்ணனும் நினைக்கவில்லை. "கொத்து சுட ஆளு வேண்டாமா?" என்று கேட்டே ஒவ்வொரு வருடத்தையும் கடத்தினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த பின்னும் நீங்கள் போகவில்லை. அப்போது அங்கே உங்களுக்கென்று யாரும் இல்லை. மலையில் சிவப்பதைப் பார்க்க விடாததால் மலையைக் கொண்டுவந்து முற்றத்தில் நட்டீர்கள். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. பெற்ற மகனிடம்கூட.

போன மார்கழியில் கட்டிலை மேற்கு ஜன்னலோரம் நகர்த்தச் சொன்னீர்கள். "மாசியில மறக்காம அறுத்து விடு. வேற ஒண்ணும் செய்யாண்டாம்." வீட்டைப் பற்றியோ நகையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நான் சொன்னபடி அறுத்தேன். தூர் பிரித்து நட்டேன். ஜெபமாலையை உருட்டுகிறவர்களைப் போல ஒவ்வொரு தூராகத் தொட்டுப் பார்ப்பேன். நம் சபையில் அதற்கு இடமில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த வருடம் கதிர் என் தோள் உயரம் வந்தது. நல்ல சிவப்பு.

உங்கள் மகன் வருட ஜெபத்துக்காகத் துபாயில் இருந்து வந்தான். ஜெபத்துக்கு முந்தைய நாள் அவனும் நானும் கல்லறைக் கல் எடுத்துவர மயிலாடிக்குப் போனோம். திரும்பி வந்து வண்டியில் இருந்து இறங்கினால் மேற்கு ஓரம் வழித்த பானை மாதிரி கிடக்கிறது. சபைப் பெண்கள் சங்கத்துக்காரிகள் மண்வெட்டியும் கையுமாக நிற்கிறார்கள். மூலையில் குவியல் புகைகிறது. முன்னால் நின்றவள் கிளாடிஸ், எதிர்வீட்டு மருமகள், நீங்கள் போன பிறகு பிள்ளைகளோடு இங்கே குடிவந்தவள்; உடன் நின்றவர்களும் அவள் வயசு இளசுகள்தான்.

"பாத்தியளா அக்கா, எப்படி ஆக்கிட்டோம்னு! ஆளில்லாத வீடு கணக்கா காடு பிடிச்சுக் கெடந்துது. நாளைக்கு நாலு பேரு வாற எடம்லா?"

"காடில்லட்டி அது! மைனி வச்சது!"

"புல்லையா?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எங்களுக்கு எப்படி அக்கா தெரியும்? அவிய போன பொறவு மொளச்சதுன்னுல்லா நெனச்சோம்."

வெயிலில் கை கொப்பளிக்க உழைத்திருக்கிறார்கள், சுக்குக் காப்பிகூட அவர்களே போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால்தான் கோபம் இன்னும் ஏறியது. குவியலில் கையை விட்டுக் கிளறினேன். ஒரு வேர்கூட முழுசாக இல்லை. உங்கள் மகன் வந்து என் தோளைப் பிடித்தான். "விடுங்க அத்தே, புல்லுதானே. ஜெபம் முடிஞ்ச ஒடனே முத்தம் முழுக்க இன்டர்லாக் கல்லு போடச் சொல்லியாச்சு. அம்மை சேத்துல வழுக்கி விழுந்தது நியாபகம் இருக்குல்லா?"

அவனுக்கும் பிரியம்தான். பிரியத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை, மைனி.

மறுநாள் சாயங்காலம் போதகர் செய்தி சொல்லி முடித்ததும், வழக்கம்போல என்னை ஜெபிக்கச் சொன்னார். நம் கூட்டத்தில் ஜெபத்துக்குள்ளே வைத்து ஆளைக் குத்துகிறவர்கள் உண்டு. கண்ணை மூடியிருக்கும்போது யாரும் குறுக்கே பேச முடியாது. அப்படிச் செய்கிறவர்களை உங்களிடமே எவ்வளவு குறை சொல்லியிருப்பேன்! அன்றைக்கு நானே செய்தேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

"ஆண்டவரே, இந்த முற்றத்தைச் சுத்தம் செய்த கைகளை ஆசீர்வதியும். அந்தக் கைகளுக்குக் கண்ணையும் கொடும். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஒரு கிறிஸ்மசுக்குக்கூடத் தாய் வீட்டுக்கு அனுப்பப்படாத உம்முடைய மகளை நீர் அறிவீர். அவள் ஊர்ப் பாறையில் மார்கழியில் புல் சிவக்கும். சாயம் போட்டவரே நீர்தானே. அதைப் பார்க்க விடவில்லை என்றுதான் அதை இங்கே வளர்த்தாள். அதையும் பிடுங்கிவிட்டோம், ஆண்டவரே. மிச்ச இடத்துக்குக் கல் போடப் போகிறோம். உமக்குச் சித்தமானால் தடுத்துப் பாரும்."

போதகர் இருமினார். இருமட்டும் என்று இன்னும் கொஞ்சம் நீட்டித்தேன். ஆமென் சொல்லாமல் யாரும் எழுந்திருக்க முடியாது. சொன்னார்கள்.

எல்லோரும் போன பின் உங்கள் மகன் வந்தான். முகம் சிவந்திருந்தது. "ஊருக்கு முன்னால என்னை நாணங்கெடுத்திட்டியளே அத்தே. எங்கிட்ட தனியா சொல்லப்பிடாதா?"

"உங்க அம்மை தனியாத்தான் இருந்தா. நீ கேட்டியா?"

மேற்கு ஓரத்துக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தான். "அம்மைக்க ஊரு எங்க கெடக்கு?" என்றான். மைனி, அவனுக்குத் தெரியாது. சொந்த அம்மையின் ஊருக்குப் போகும் வழி தெரியாது.

மறுநாள் காலையிலேயே போனோம். உங்கள் வீடு இருந்த இடத்தில் ரப்பர் நிற்கிறது. ரப்பருக்கு நடுவில் அன்னாசி. நீங்கள் சொன்ன அந்தப் பாறைச் சரிவில் மட்டும் ரப்பர் வேர் பிடிக்காது போல, யாரும் தொடவில்லை. அடிமுதல் நுனிவரை சிவந்து கிடந்தது. காற்று ஒரு பக்கம் போனால் செம்பு, மறுபக்கம் திரும்பினால் இரத்தம். நான் வாயை மூடி நின்ற அபூர்வமான நேரங்களில் அது ஒன்று.

உங்கள் மகன் காரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பாறையைப் பார்த்தான். "அத்தே, காப்பி குடிச்ச சூடு ஆறல்ல. இவ்வளவு பக்கத்துலயா?"

ஆமாம், இவ்வளவு பக்கத்தில்தான். நம் ஊரில் இருந்து அருவியில் குளிக்கப் போகிற வேன்கள் எல்லாம் இந்த அடிவாரத்தைத் தாண்டித்தான் போகின்றன. அண்ணனும் சபைச் சுற்றுலாவில் போய்க் குளித்துவிட்டு, தலை துவட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு ஆயுசு முழுக்க உங்களைக் கிறிஸ்மசுக்குப் போக விடாத தூரம் இதுதான்.

அவனே குனிந்து ஒரு தூரைத் தோண்டினான். மண் உதிராமல் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மேற்கு ஓரத்துக்குக் கல் வேண்டாம் என்று வேலைக்காரர்களிடம் சொல்லிவிட்டான். நட்டாயிற்று. நடுகிற பருவம் இது இல்லை, பிடிக்குமோ பிடிக்காதோ. இனி அதில் கை வைக்கிறவள் யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேரைச் சொல்லியே ஜெபிப்பேன் என்று சங்கத்தில் அறிவித்துவிட்டேன். கிளாடிஸ் தன் பிள்ளைகளைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை.

அம்மா மேல், அண்ணன் மேல் இருந்த கோபத்தை ஆண்டவரிடம் கொடுத்துவிட்டேன், அவர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் மேல் உள்ளதை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், "நான் போறேன், நீங்களே சுட்டுத் தின்னுங்க" என்று சொல்லியிருக்கக் கூடாதா? இந்தக் கேள்வியை நான் வரும்போது கையோடு கொண்டுவருவேன். அங்கேயும் சிரித்து மழுப்பலாம் என்று நினைக்காதீர்கள். பதிலை யோசித்து வையுங்கள்.