கதவு ஸ்டிக்கரைக் கிழித்தது ஏன்

காரெட்,

உன் டிரக்கை நான் எடுத்துப் போகிறேன். லின்னேயாவைப் பள்ளியில் விட்டுவிடுவேன். கார் சாவி மேஜைமேல் இருக்கிறது. நீ அந்தக் கதவைச் சரிசெய்யும்வரை நானும் என் மகளும் அதில் ஏறுவதாக இல்லை.

நேற்று கிழிசலைப் பார்த்ததும், "பிடிக்கலன்னா வாயைத் திறந்து சொல்லேன், எதுக்குப் பிய்க்கிற?" என்று கத்திவிட்டு சோபாவில் போய்ப் படுத்துவிட்டாய். இப்போது கேள்.

நேற்று கடை வாசலில், நாங்கள் உள்ளே இருக்கும்போதே, நம் மின்சாரக் காரின் கதவுப் பட்டன்களை இயக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனது. பட்டனை அமுக்கினால் கதவு திறக்கவில்லை. வெளியே உறைய வைக்கும் ஏரிக் காற்று. போன் பின்னால் டிக்கியில். "அம்மா, கார் தூங்கிடுச்சா?" என்கிறாள் குழந்தை. கையால் இழுத்துத் திறக்கும் அவசரப் பிடியைத் தேடினேன். அதன்மேல்தான் உன் மர டிசைன் ஸ்டிக்கர். 'இங்கே வெட்டவும்' என்று கோடு போட்டிருந்தும், "மரக்கோடு உடையாம ஓடினாத்தான் அழகு" என்று வெட்டாமல் ஒட்டினாயே, அதே இடம். அதைப் பிய்த்துப் பிடியை எட்டும்வரை இருபது நிமிடம் உள்ளேயே கிடந்தோம்.

காட்டரிசி சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது. சூடாக்கிக் குடி. ஹேர் டிரையரை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், சூடு காட்டினால் பசை இளகும்.

மாரிட்

மதியம் உன் தம்பி டேல் அவன் காருக்கும் இதே ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லி வருவான். முதலில் நம் கதவைக் காட்டு.

டாஷ்போர்டில் ஒட்டியது நன்றாகத்தான் இருக்கிறது. அதை எடுக்காதே.

கிழிசல் ஓரத்தில் இருக்கும் கறை காபி இல்லை. என் நகம் பிய்ந்த ரத்தம். பார்த்துவிட்டுத் துடை.